முடிவு சொல்லாத அக்கா

மூன்று கேள்விகள் கேட்ட பிறகுதான் அக்கா படம் சொல்வாள்.

"ஏளா, ரத்தம் பாத்தா ஒனக்குத் தல சுத்துமா? பகல்ல வீட்டுல யாரு கூட இருப்பா? மாமியா எப்படி, பேசுவாளா, இல்ல பேசிக்கிட்டே இருப்பாளா?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவர்கள் சீக்கிரத்தில் நிறுத்தமாட்டார்கள். அக்கா முழுவதையும் கேட்பாள். கேட்டுவிட்டு, பழைய அப்பாயின்ட்மென்ட் தாளின் ஓரத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்து, அதில் ஒரு பேய்ப்படத்தின் பெயரை எழுதிக் கொடுப்பாள். எந்த ஆப்பில் கிடைக்கும் என்று அதன் கீழே எழுதுவாள். அதற்கும் கீழே எச்சரிக்கை. "சாப்பிட்ட உடனே பாக்காத. 41ஆவது நிமிஷம் கண்ண மூடு, 43ல திற. நாய் சாவாது." நாய் செத்தால் செத்துப்போகும் என்றே எழுதுவாள். அதிலெல்லாம் பொய் கிடையாது.

தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டரில் அவள் இருந்தாள். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, உள்ளே டாக்டர் சொன்னதை டைப் அடித்துக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. வந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் பேய்ப்படம் சிபாரிசு செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூமுக்கும் போகக்கூடாது என்ற கட்டளையோடு இருபது பெண்கள் காத்திருப்போம். எதிர்ச் சுவரில் ஒரு கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தை காலண்டரில் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா ஒல்லியான, உயரமான பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு கிடக்கும். எவ்வளவு பயங்கரமான காட்சியைச் சொன்னாலும் பலசரக்குச் சீட்டு வாசிக்கிற முகத்தோடுதான் சொல்வாள். அவள் சிரித்து நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டும் மாமியார்களைப் பற்றிய பேச்சின்போது.

நான் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். கன்டெய்னர் எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒருநாளும் சொல்லமாட்டேன். "வந்துரும் அண்ணாச்சி" என்று ஆறுதலுக்குச் சொல்கிற பழக்கமும் கிடையாது. அதனால் ஆபீசில் எனக்கு நல்ல பேரும் கிடையாது. முதல் கர்ப்பத்தில் நான் போனபோது அக்கா இதைக் கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு படம் எழுதிக் கொடுத்தாள். அதில் ஒருத்திக்கு மூன்று வருடமாகப் பிரசவமே ஆகாது. ஆபீசில் லீவு முடிந்துபோனது என்று வயிற்றோடு வரச் சொல்லிவிடுவார்கள். வயிறு மேசையை விடப் பெரிதாகிக்கொண்டே போகும். மேனேஜர் காணாமல் போவார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பயமாகவும் இருந்தது. அடுத்த முறை போனபோது, "மேனேஜர் எங்கன போனாருன்னு தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

தாய்மை பற்றிய படங்கள்தான் அவளுக்கு உயிர். அதிலும் சிரித்துக்கொண்டே பயப்பட வைக்கிற வகை. அவள் அதிகமாகச் சிபாரிசு செய்த படம் பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றியது.

"பிள்ள பொறந்திருக்குன்னு ஒவ்வொருத்தரா பாக்க வாராவ. ஒருத்தி, பால் பத்தலங்கா. ஒருத்தி, நெறம் கம்மிங்கா. உள்ள போனவ வெளிய வர மாட்டா. தாய்க்காரிக்கு ஒன்னும் தெரியாது. ஆளு கொறையக் கொறைய அவளுக்கு நல்லாத் தூக்கம் வருது. அவ்வளவுதான் கத."

"பேய் யாரு அக்கா?"

"அத நீ பாத்துக்க."

"கடைசில பிடிச்சிருவாவளா?"

"முடிவக் கேக்காத. முடிவு தெரிஞ்சா அது படமில்ல, ரிப்போர்ட்டு."

இது அவள் வாயில் தினமும் நாலு தடவையாவது வரும். படத்தில் மற்ற எதையும் சொல்வாள். எங்கே கதவு திறக்கும், எங்கே யார் சாவார்கள், எத்தனை நிமிடம் இருட்டு, எல்லாம். முடிவை மட்டும் சொல்லமாட்டாள். யார் கெஞ்சினாலும் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவாள்.

கர்ப்பிணிகளுக்குப் போய்ப் பேய்ப்படம் சொல்லலாமா என்று என் மாமியார் அவளிடம் நேராகவே கேட்டார். மாமியார் நாசரேத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அக்கா எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இவ வீட்டுல எல்லாரும் இவகிட்ட என்ன சொல்லுதிய? பயப்படாத, பயப்படாதன்னு. சரி, அந்தப் பயம் எங்கன போவும்? உள்ளதான கெடக்கும். ஒன்னர மணி நேரம் ஒரு படத்துல கொண்டுபோய்க் கொட்டிட்டு வரட்டுமே."

"ஜெபம் பண்ணட்டும்," என்றார் மாமியார்.

"அதுவும் பண்ணட்டும். ஜெபத்துக்கும் படத்துக்கும் என்ன சண்ட?"

ஒருமுறை நான் கேட்டேன், "அக்கா, ஒங்களுக்குப் பிள்ளைய?" "படத்துல கெடக்கு, நெறைய," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி ஹாலில் நாலைந்து கதைகள் உலவின. எல்லாவற்றையும் சொன்னவர்கள் அவளை ஒரு மாதமாகத்தான் அறிந்தவர்கள். அதனால் இங்கே எழுதவில்லை.

அந்த முதல் பிள்ளை ஆறாவது மாதத்தில் என்னிடம் தங்கவில்லை. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனுக்குப் போயிருந்தபோது அக்கா எனக்கு டோக்கன் எண் தரவில்லை. நேராக உள்ளே அனுப்பினாள். வெளியே வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். படம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் உண்டாகி நான் அங்கே போனபோது, சென்டரில் கதையே மாறியிருந்தது. அக்கா சொல்லும் படத்தில் ரகசியம் இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

ஸ்கேன் சென்டர் சுவரில் ஒரு போர்டு இருக்கும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். அதைப் படித்துவிட்டும் கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கூடிக் கண்டுபிடித்ததுதான் இது. தருவைகுளத்திலிருந்து வந்த ஒருத்திக்கு அக்கா சொன்ன படத்தில் பெண் பேய். அவளுக்குப் பெண் பிறந்தது. சாத்தான்குளத்து மளிகைக்கடைக்காரர் மருமகளுக்குச் சொன்ன படத்தில் மீசை வைத்த பேய். அவளுக்குப் பையன். ஓட்டப்பிடாரத்துக்காரி ஒருத்திக்கு இரண்டு பேய் வரும் படம். அவளுக்கு இரட்டைப் பிள்ளை. இரட்டை என்பது மூன்றாவது மாதத்திலேயே டாக்டர் வாயால் சொல்லி, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை யார் யோசித்தார்கள்!

வந்து உட்கார்ந்ததும் பெண்கள் ஒருவர் சீட்டை ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். "ஒனக்கு என்ன பேய்?" "பொம்பளப் பேய்." கேட்டவள் உச்சுக்கொட்டிச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பாள். பிள்ளை பெற்றவர்கள் மக்ரூன் டப்பாவோடு வந்து கவுண்டரில் வைத்து, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். ஒருநாள் ஒரு புருஷன்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அக்கா, எங்களுக்கு ஒரு ஆம்பளப் பேயா எழுதிக் குடுங்க."

"அண்ணாச்சி, இது என்ன பலசரக்குக் கடையா, கேட்டத எடுத்துக் குடுக்க? எனக்கே தெரியாது. டாக்டரம்மா சொல்லவும் மாட்டாவ, ரிப்போர்ட்டுல அதுக்கு எடமும் கெடையாது. போயி ஒக்காருங்க."

"தெரியும், நீங்க வெளிய சொல்லப்படாதுல்லா," என்று அவரும் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு இந்தக் கூத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. படித்தவர்களும் இப்படி இருக்கிறார்களே என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை. "ஆண்டவர் எதக் குடுத்தாலும் ஸ்தோத்திரந்தான். ஆனாலும் தெரிஞ்சுக்கிட்டா தொட்டில் துணி எடுக்க வசதிதான," என்றார்.

வேடிக்கை சீக்கிரமே முடிந்தது. ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சீட்டில் பெண் பேய்ப்படம். மூன்றாவது பிரசவம், ஏற்கெனவே இரண்டும் பெண். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். கூட வந்த மாமியார்க்காரி அவளுக்காக நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்த ஸ்கேனுக்கு அந்தப் பெண் வரவில்லை. அக்கா அவள் நம்பருக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. தினமும் போட்டாள். கவுண்டரில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா என்னிடம் சொன்னார். பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் வயிற்றோடு வந்து நின்றாள். அம்மா வீட்டில் திருவிழா, போனைத் தண்ணீரில் போட்டுவிட்டேன் என்றாளாம். அக்கா டோக்கனைக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதே வாரத்தில் டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"ஒரு கம்ப்ளைன்ட் போனா மெஷினையே சீல் வெச்சிருவாங்க. கோர்ட்டுல நின்னு, அது சும்மா பேய்ப்படம்னு சொல்லவா முடியும்? இனிமே இங்க ஒரு படப்பேரு என் காதுல விழுந்தாலும் நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

"சரி மேடம்," என்றாள் அக்கா. டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை.

அதன்பிறகு யார் கேட்டாலும், "கட அடச்சாச்சு," என்பாள். ஸ்கேலை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டாள். ஹாலில் அந்த வெள்ளைக்காரக் குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு ஆறாவது மாதம் தொடங்கியபோது எனக்கு ஸ்கேன். முதல் பிள்ளை நின்றுபோன அதே மாதம். உள்ளே டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். வயிற்றில் கருவியை ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருந்தார். "வளர்ச்சி கொஞ்சம் கம்மியா இருக்கு. ரத்த ஓட்டமும் பாக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க," என்றார். முதல் தடவையும் இதே "ரெண்டு வாரம்" தான் சொல்லியிருந்தார்கள்.

நான் வெளியே வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் அக்கா என் ரிப்போர்ட்டை டைப் அடிக்க ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அதைத் தவிர அன்றைக்கு என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. டைப் அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. மறுபடி அடித்தாள். பிரின்ட் எடுத்து, மடித்து, கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்தாள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டாள்.

நான் போனேன். மாமியாரும் பின்னாலேயே வந்தார். அக்கா டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள். டாக்டர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதினாள்.

"ஒரு படம் சொல்லுதேன், கேளு," என்றாள் மெதுவாக. "ஒருத்தி உண்டாயிருக்கா. அவளுக்கு மொதல்ல போன பிள்ள ஒன்னு, பேயா அந்த வீட்டுலயே கெடக்கு. வாரப்போற பிள்ளைக்கு அவ ஸ்வெட்டர் பின்னுவா. இது பகலெல்லாம் பாத்துக்கிட்டிருந்துட்டு, அவ கண்ணசந்ததும் நூலப் பிரிச்சு விட்டுரும். அவ திட்டுவா. இது சிரிக்கும். சண்டயும் சிரிப்புமா போவும்."

எனக்குக் கோபம் வந்தது. கையில் இருந்ததை அவள்மேல் எறியலாம் போல இருந்தது. யாரிடம் எந்தக் கதையைச் சொல்கிறாள்!

"ஆம்பளப் பேயா, பொம்பளப் பேயா?" என்று மாமியார் குனிந்து கேட்டார்.

"சின்னப் பிள்ளப் பேய், டீச்சர்."

"அப்ப நாங்க எப்படி எடுத்துக்கிட?"

அக்கா என்னைப் பார்த்தாள். "கடைசில தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ. வீட்டுக்கு வந்துருதாவ. நாலு தடவ பாத்துட்டேன், நாலு தடவயும் வந்துருதாவ."

"நீங்க முடிவச் சொல்லமாட்டியளே அக்கா," என்றேன்.

"சொல்லிட்டேன். இப்பம் பாக்காத. பெத்தெடுத்த பொறவு பாரு." சீட்டைக் கவரின் ஓரத்து இடுக்கில் சொருகிக் கொடுத்தாள். "டோக்கன் பதினேழு!"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். முடிவு தெரிந்தால் அது ரிப்போர்ட். அவள் என் ரிப்போர்ட்டை இப்போதுதான் டைப் அடித்தாள். வேலை போகும் என்று தெரிந்தும் முடிவைச் சொன்னாள். அப்படியானால்? ஆம்பளப் பேய் கேட்ட அந்த அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். அவரைவிட மோசமாக நான் அதை நம்பினேன். கவரைப் பிரிக்கவில்லை. அப்படியே பிரசவ டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் படுத்தே இரு, அடுத்த ஸ்கேனை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். பத்து வாரம் இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தேன். பயம் வரும்போதெல்லாம், "நாலு தடவயும் வந்துருதாவ" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை எட்டாவது மாதம் முடியும் முன்பே பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுவாளோ என்று இருந்தாள். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியார் நாசரேத்தில் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னார். எங்கள் ஊர்களில் நன்மை கிடைத்தால் அதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்வது நன்றிகெட்டதனம். முப்பத்தைந்து வருடம் வகுப்பெடுத்த குரலில், ஒரு விவரமும் விடாமல் சொன்னார். மருத்துவர்களே கையை விரித்த நேரத்தில், ஸ்கேன் சென்டர் கவுண்டரில் இருந்த ஒரு சகோதரியைக் கொண்டு, ஒரு படக்கதையின் வழியாக, தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று ஆண்டவர் முன்னதாகவே அறிவித்தார் என்று. சபையே ஸ்தோத்திரம் சொன்னது. ஸ்கேன் டாக்டரின் பெரியம்மாவும் அந்தச் சபைதான். அவரும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து நான் மக்ரூன் டப்பாவோடு போனேன். கவுண்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள்.

"அவங்க நின்னுட்டாங்க," என்றாள்.

"நின்னுட்டாங்களா, நிறுத்திட்டாங்களா?"

அவள் டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "டோக்கன் வேணுமா?" என்றாள். கூட்டிப் பெருக்கும் அம்மாதான் வாசல்வரை வந்து சொன்னார். பெரியம்மா சொன்னதை வைத்து டாக்டர் கேட்டபோது அக்கா மறுக்கவில்லையாம். கண்ணாடியையும் ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவள், "அந்தப் பிள்ளையும் தாயும் வீடு வந்து சேந்துட்டாவல்லா?" என்று மட்டும் கேட்டாளாம். மக்ரூனை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் நம்பர் வேலை செய்யவில்லை. மஸ்கட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள், நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். மாமியாரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. அவளுக்காக இன்றும் தினமும் ஜெபிக்கிறார்.

அதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. போன மாதம் பீரோவை ஒழித்தபோது பழைய ஸ்கேன் பைல் கையில் கிடைத்தது. அக்காவின் சீட்டு அதற்குள் இருந்தது. கூடவே அவள் டைப் அடித்த அந்த ரிப்போர்ட்டும். இந்தத் தடவை படித்தேன். பிள்ளை தங்குவது சந்தேகம் என்பதை டாக்டர்களின் பாஷையில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லியிருந்தது. கடைசி வரிக்கு முந்திய வரியில் ஓர் எழுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. அங்கேதான் அவள் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தப் படம் இன்னும் அதே ஆப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் படுத்திருந்த நேரத்தில் போட்டுப் பார்த்தேன். ஸ்வெட்டர், நூல், சண்டை, சிரிப்பு, எல்லாம் அக்கா சொன்னபடியே. நான் சத்தமாகச் சிரித்த இடங்களும் உண்டு. கடைசியில் அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறாள். ஸ்வெட்டர் முழுதாகப் பின்னி முடிக்கப்பட்டு நாற்காலியில் இருக்கிறது. உள் அறையில் இரண்டு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் இரண்டு சின்னத் தட்டை எடுத்து வைக்கிறாள்.

அக்கா இதை நாலு தடவை பார்த்திருக்கிறாள்.

பெயர்கள் ஓடத் தொடங்கியபோது மகள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா, அந்த ஆன்ட்டி வயித்துல இருந்த பாப்பா எங்க?"

நான் டிவியை அணைத்தேன்.

"வீட்டுக்கு வந்துட்டு," என்றேன். "நல்லா இருக்கு."